மடிக்கணினிக்குச் சுங்க வரி பூஜ்யம்தானே, பிறகு எதற்குப் பணம்?

கேள்வி: 2025 ஜூன் 9

சொந்த ஊர் திருநெல்வேலி. சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றில் வீட்டிலிருந்தே வேலை. அடுத்த மாதம் சேர்கிறேன். மடிக்கணினியை அங்கிருந்து கூரியரில் அனுப்புகிறார்களாம். இந்தியாவில் மடிக்கணினிக்குச் சுங்க வரி கிடையாது, ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை என்று நண்பன் அடித்துச் சொல்கிறான். நிறுவனத்தில் இருப்பவரோ, “எதற்கும் இருக்கட்டும், மதிப்பை 50 டாலர் என்று போட்டுவிடுகிறோம்” என்கிறார். வரியே இல்லை என்றால் மதிப்பை ஏன் குறைக்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2025 ஜூன் 9, இரவு

நண்பர் சொன்னதில் பாதி சரி. பணம் போவது மீதிப் பாதியில்.

நானும் சிங்கப்பூரில்தான், ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தின் ஐடி பிரிவில் இருக்கிறேன். பிரிவு என்பது பெருமைக்குச் சொல்வது, இரண்டே பேர். ஊழியர்கள் நாற்பத்துச் சொச்சம், பதினோரு நாடுகளில் சிதறிக் கிடக்கிறார்கள். அவர்களுக்கு மடிக்கணினி அனுப்பும் வேலை எட்டு வருடமாக என் தலையில். இதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சுங்க அட்டவணையில் 8471.30 என்றொரு எண் உண்டு. 10 கிலோவுக்கு மேற்படாத, தூக்கிச் செல்லும் கணினிகள் அதில் வருகின்றன. 1996 டிசம்பரில் உலக வர்த்தக அமைப்பின் அமைச்சர்கள் இதே சிங்கப்பூரில் கூடியபோது தகவல் தொழில்நுட்ப உடன்படிக்கை உருவானது. அதில் சேர்ந்த நாடுகள் கணினி வகைகளின் சுங்க வரியைப் பூஜ்யமாக்க ஒப்புக்கொண்டன. இந்தியா 1997இல் சேர்ந்தது. உங்கள் நண்பர் சொல்வது இதைத்தான்.

ஆனால் இறக்குமதியாகும்போது ஐஜிஎஸ்டி (ஒருங்கிணைந்த சரக்கு, சேவை வரி) என்று தனியாக ஒன்று இருக்கிறது. மடிக்கணினிக்கு 18 சதவீதம். பெயர் வேறு என்றாலும் கட்டும் இடம் சுங்கம்தான். 1,00,000 ரூபாய் மதிப்பென்றால் 18,000 ரூபாய். அந்த மதிப்பிலும் பொருளின் விலையோடு அனுப்பும் கட்டணமும் காப்பீடும் சேரும்.

50 டாலர் விஷயத்தை நாளை எழுதுகிறேன். அதில் எனக்கே ஒரு பழைய தழும்பு இருக்கிறது.

2025 ஜூன் 10

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதையே செய்தேன். எந்த நாட்டுக்கு என்று சொல்லப்போவதில்லை. இன்வாய்ஸில் ‘மாதிரிப் பொருள், வணிக மதிப்பில்லை, 100 டாலர்’ என்று எழுதினேன். முன்பு அந்த மேசையில் இருந்தவர் விட்டுப்போன படிவத்தில் அப்படித்தான் இருந்தது. யோசிக்காமல் படி எடுத்தேன்.

பெட்டி பதினொரு நாள் நகரவில்லை. பிறகு கூரியர்காரர்கள் ஒரு தாளை ஸ்கேன் செய்து அனுப்பினார்கள். சுங்க அதிகாரி அந்த மடிக்கணினியின் மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் தேடி, விலைப் பக்கத்தை அச்செடுத்து, என் இன்வாய்ஸோடு குண்டூசியால் குத்தி வைத்திருந்தார். 1,649 என்ற எண்ணைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். பக்கத்தில் ஒரு சொல்கூட எழுதவில்லை. எழுதியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. அபராதத்தோடு கட்டினோம்.

உங்கள் நிறுவனம் பணம் வாங்காமல் தருகிறது என்பதற்காகப் பொருளுக்கு விலை இல்லாமல் போய்விடாது. அன்பளிப்பு என்று எழுதலாமே என்று யாராவது கிளம்புவதற்கு முன்: வெளிநாட்டிலிருந்து வரும் அன்பளிப்புக்கு இந்தியா தந்த வரிச் சலுகை 2019 டிசம்பரோடு போயிற்று. உயிர்காக்கும் மருந்தும் ராக்கிக் கயிறும் மட்டும் விலக்கு. மடிக்கணினியை ராக்கி என்று சொல்ல இதுவரை யாரும் துணியவில்லை.

இன்னொன்று. வழியில் பெட்டி தொலைந்தால் இழப்பீடும் எழுதிய 50 டாலரை ஒட்டித்தான் வரும்.

2025 ஜூன் 12

எல்லோரும் வரி எவ்வளவு என்று கேட்கிறார்கள். என் முதல் கேள்வி, யார் பெயரில் என்பதே.

கூரியர் லேபிளில் பெறுநர் என்று உங்கள் பெயர் இருந்தால், சுங்கத்தின் கண்ணில் இறக்குமதி செய்தவர் நீங்கள். பெட்டி வந்து இறங்கியதும் கூரியரிலிருந்து கேஒய்சி கேட்டு ஒரு குறுஞ்செய்தி வரும்; ஆதார், பான் எல்லாம் உங்களுடையது. வரிக் கணக்கும் உங்கள் பெயரில். மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்த ஆள், முதல் நாளே இறக்குமதியாளர்.

உங்கள் நிறுவனத்துக்கு இந்தியாவில் ஒரு கிளை இருந்து, ஐஇசி என்ற இறக்குமதி-ஏற்றுமதி எண்ணும் ஜிஎஸ்டி பதிவும் இருந்தால், பில் ஆஃப் என்ட்ரி என்ற சுங்கப் படிவத்தை அந்தக் கிளையின் பெயரில் போட்டுக் கட்டிய ஐஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். கிளை இல்லை என்றால் அந்த 18 சதவீதம் போனது போனதுதான்.

டிடிபி என்று அனுப்பினால் வரியை அனுப்புபவரே ஏற்கிறார். டிஏபி என்றால் பெறுபவர். உங்கள் நிறுவனத்திடம் டிடிபி கேளுங்கள். ஆனால் அதில் மாறுவது பணம் கட்டும் கை மட்டும். பெயர் பெரும்பாலும் உங்களுடையதாகவேதான் இருக்கும். இது எனக்குப் புரிய மூன்று வருடம் ஆயிற்று.

2025 ஜூன் 12, சற்று நேரம் கழித்து

ஒன்றை விட்டுவிட்டேன். இன்வாய்ஸில் 8471.30 என்ற எண், மாடல், வரிசை எண் மூன்றும் தெளிவாக இருக்கட்டும். ‘சொந்த உபயோகப் பொருள்’ என்று பொதுவாக எழுதினால் 98.04 என்ற வேறு தலைப்புக்குப் போக வாய்ப்புண்டு. அங்கே சுங்க வரி பூஜ்யமில்லை. நண்பர் சொன்னதில் சரியாக இருந்த பாதியும் அங்கே போய்விடும்.

2025 ஜூன் 15

“சும்மா பயமுறுத்துகிறீர்கள், எத்தனையோ பெட்டி வருகிறதே” என்று மேலே ஒருவர். வருகிறது. வராத வாரமும் உண்டு.

2023 ஆகஸ்ட் 3, வியாழக்கிழமை. பெங்களூருக்கு ஒன்று, மதுரைக்கு ஒன்று என்று இரண்டு பெட்டிகள். பெங்களூர்ப் பெட்டி ஏற்கெனவே வானத்தில். மதுரைப் பெட்டி என் மேசையில், டேப் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். அப்போது அலுவலக அரட்டையில் ஒருவர் செய்தி போட்டார்: மடிக்கணினி, டேப்லெட் இறக்குமதிக்கு இனி உரிமம் வேண்டும் என்று இந்தியாவின் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம் அறிவித்துவிட்டது, உடனடியாக அமல்.

விலக்குகளைத் தேடிப் படித்தேன். பயணி தன்னோடு கொண்டுவருவதற்கு விலக்கு. இணைய வணிகத் தளத்தில் வாங்கி அஞ்சலிலோ கூரியரிலோ வரும் ஒரே ஒரு மடிக்கணினிக்கு விலக்கு. ஆராய்ச்சி, சோதனை போன்றவற்றுக்கு ஒரு முறைக்கு 20 வரை விலக்கு. நிறுவனம் தன் ஊழியருக்கு அனுப்புவது இதில் எது? கூரியரின் தொலைபேசிப் பெண்ணும் நானும் அந்தப் பத்தியை ஆளுக்கு ஒருமுறை உரக்கப் படித்தோம். இருவருக்கும் தெரியவில்லை. ஒட்டிய டேப்பைப் பிரித்தேன்.

மறுநாளே இன்னொரு அறிவிப்பு: அக்டோபர் 31 வரை உரிமம் தேவையில்லை. நவம்பர் 1 முதல் இணையவழி அனுமதி முறை வந்தது. பெங்களூர்ப் பெட்டி தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. மதுரைக்காரருக்கு நாங்கள் அனுப்பவே இல்லை. மேலமாசி வீதியில் ஒரு கடையில் வாங்கிக்கொள்ளச் சொன்னோம். மூன்று மணி நேரத்தில் கையில். அன்றுதான் எனக்குச் சந்தேகம் வந்தது, இத்தனை வருடம் எதற்காக டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன் என்று.

ஆகவே உங்கள் நிறுவனத்திடம் சொல்லுங்கள்: அனுப்பும் முன், தங்களுடையது எந்த விலக்கில் அல்லது எந்த அனுமதியில் வருகிறது என்று கூரியரின் சுங்கப் பிரிவிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். வாயால் சொல்வதற்கு மதிப்பில்லை.

2025 ஜூன் 18

யாரோ ஒருவர் கேட்டேவிட்டார்: “எதற்கு இந்தத் தலைவலி, திருச்சிக்கு விமானம் ஏறும் யாரிடமாவது கொடுத்தனுப்பினால் ஆயிற்றே?”

குருவி. கேட்கப்போகிறார்கள் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

விதி என்னவோ தாராளமானதுதான். 18 வயது நிரம்பிய பயணி ஒரு மடிக்கணினியை வரியின்றி இந்தியாவுக்குக் கொண்டுபோகலாம். அதை நம்பி நான் ஒருமுறை என் அத்தானிடம் கொடுத்தனுப்பினேன். அக்கா கணவர், பொய் சொல்லத் தெரியாதவர். அதை அப்போது நான் நல்ல குணமாகக் கருதியிருந்தேன். அவர் பையில் அவருடையது ஒன்று, எங்கள் நிறுவனத்தினுடையது ஒன்று. இறங்கிய இடத்தில் அதிகாரி கேட்டது ஒரே கேள்வி: “இரண்டில் உங்களுடையது எது?” அத்தான் சற்றும் தயங்காமல், “பழையது என்னுடையது. புதியது என் கொழுந்தியாள் ஆபீஸில் கொடுத்தது” என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

புதியதன் மதிப்பு 90,000 ரூபாய். அப்போதிருந்த 50,000 சலுகை போக மீதி 40,000க்குப் பயணப்பை வரி 38.5 சதவீதம். 15,400 ரூபாய். நான் ஒழுங்காகக் கூரியரில் அனுப்பியிருந்தால் 18 சதவீதத்தில் 16,200 ஆகியிருக்கும் என்று கணக்கிட்டு, 800 ரூபாய் மிச்சம் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். அக்கா அந்த 800க்கு ஆறு மாதம் பேசினாள்.

அடுத்தவர் பொருளைத் தன்னுடையது என்று சொல்லச் சொல்லி ஒருவரை அனுப்புவது தப்பு. மாட்டினால் நிற்பது அவர். நிறுவனத்தின் மனிதவளப் பிரிவு அந்த மேடை முன்னால் வந்து நிற்காது.

2025 ஜூன் 19

மனிதவளப் பிரிவு என்றதும் நினைவுக்கு வருகிறது. புதிதாகச் சேர்பவருக்கு வரவேற்புப் பெட்டி ஒன்று தயார் செய்தார்கள்: மடிக்கணினி, டி-சட்டை, குவளை, நிறுவனச் சின்னம் போட்ட பவர் பேங்க். அழகாகத்தான் இருந்தது. பெட்டி மூன்றாம் நாள் என்னிடமே திரும்பி வந்தது.

மடிக்கணினிக்கு உள்ளேயே இருக்கும் லித்தியம் பேட்டரிக்கு, அபாயகரமான பொருள்களின் பட்டியலில் யுஎன் 3481 என்று எண். 100 வாட்-மணிக்கு உட்பட்டிருந்தால் விமானத்தில் அனுப்புவது பெரிய சிக்கலில்லை. பெரும்பாலான மடிக்கணினிகள் அதற்குள் அடங்கும். பவர் பேங்க் அப்படியல்ல. அது வெறும் பேட்டரி, யுஎன் 3480. பயணிகள் விமானத்தின் சரக்கு அறையில் அதை ஏற்றுவது 2016 ஏப்ரல் 1 முதல் தடை. 2010 செப்டம்பரில் துபாயில் ஒரு சரக்கு விமானம் தீப்பிடித்து விழுந்து விமானிகள் இருவரும் இறந்தார்கள். அதில் இருந்த சரக்கில் லித்தியம் பேட்டரிகள் ஏராளம். அதற்குப் பிறகு இதில் யாரும் விளையாடுவதில்லை.

அடுத்த முறை பவர் பேங்குக்குப் பதிலாக முந்திரி வைத்தார்கள். அது உணவுப் பொருள், அதற்கு வேறு தாள். இப்போது டி-சட்டை மட்டும்.

2025 ஜூன் 24

‘உடன்படிக்கை இருப்பதால் உலகம் முழுவதும் பூஜ்யம்’ என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. சேர்ந்த நாடுகளுக்கு மட்டும். பிரேசில் சேரவில்லை, அர்ஜென்டினாவும் சேரவில்லை.

எங்களுக்குச் சாவ் பாவ்லோவில் ஒரு பெண் இருக்கிறாள், கெட்டிக்காரி. அவளுக்கு 1,500 அமெரிக்க டாலர் மடிக்கணினி அனுப்பலாம் என்று முடிவானது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 3,000 டாலர் வரையிலான பார்சலுக்கு 60 சதவீதம் இறக்குமதி வரி. 900. அதன் மேல் மாநில வரி 17 சதவீதம். அந்த 17 போடும் விதம் விசித்திரமானது: வரியையும் உள்ளடக்கிய மொத்தத்தில் 17 சதவீதம். அதாவது 2,400ஐ 0.83ஆல் வகுக்க வேண்டும். மாநில வரி 492. மொத்தம் 1,392 டாலர் வரி.

நான் எக்செல்லில் சூத்திரம் தப்பு என்று மூன்று முறை அழித்துப் போட்டேன். நிதிப் பிரிவின் அம்மாள் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, “இரண்டு லாப்டாப் வாங்குகிறோமா?” என்றார்.

அங்கேயே வாங்கினோம். அங்கே கடையிலும் விலை அதிகம்தான். ஆனால் பெட்டி எங்கே என்று மூன்று வாரம் தேட வேண்டியதில்லை. ரசீது உண்டு, உத்தரவாதம் உண்டு, போர்த்துகீசிய மொழியின் ‘ç’ எழுத்துக்குத் தனி விசையும் உண்டு.

2025 ஜூன் 25

திருத்தம். அனுப்பும் கட்டணத்தை நான் சேர்க்கவில்லை என்று ஒருவர் சுட்டியிருக்கிறார். சரிதான், முதல் நாள் உங்களுக்கு உபதேசம் செய்துவிட்டு நானே மறந்தேன். கட்டணம் 60 டாலர் என்று வைத்தால் அடிப்படை 1,560. இறக்குமதி வரி 936, மாநில வரி 511, மொத்தம் 1,447. பிரேசிலின் சில மாநிலங்களில் இந்த ஏப்ரலிலிருந்து 17 இல்லை, 20. நிதி அம்மாளிடம் இதைச் சொல்லவில்லை.

2025 ஜூலை 2

நான்கு நாளாக யோசித்ததில், மேலே ‘அங்கேயே வாங்குங்கள்’ என்று நான் அளவுக்கு மீறிப் பாடிவிட்டேனோ என்று தோன்றுகிறது.

மூன்று விஷயங்கள் உறுத்துகின்றன. முதலாவது வரி. திருநெல்வேலியில் கடையில் வாங்கினாலும் பில்லில் அதே 18 சதவீதம் ஜிஎஸ்டி இருக்கிறது. இந்தியாவைப் பொறுத்தவரை உள்ளூரில் வாங்குவதால் வரி மிச்சமாகாது. மிச்சமாவது நாட்களும் நெஞ்சு படபடப்பும்தான். இதை முன்பே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாவது, பாதுகாப்பு அமைப்பு. எங்கள் வழக்கமான விற்பனையாளரிடம் வாங்கினால் மடிக்கணினி பெட்டிக்குள் இருக்கும்போதே நிறுவனத்தின் நிர்வாகப் பட்டியலில் ஏறிவிடும். ஊழியர் திறந்து இணையத்தில் இணைத்தால் போதும். தெருமுனைக் கடையில் வாங்கியது அப்படி ஏறாது. ஆப்பிள் கணினி என்றால் முதன்முதலில் திறக்கும்போதே ஓர் ஐபோனைத் திரைக்கு நேரே பிடித்துச் சேர்க்க வேண்டும். ஊழியர் ஆர்வத்தில் ‘அடுத்து, அடுத்து’ என்று அழுத்திக் கடந்துவிட்டால் துடைத்துவிட்டு முதலிலிருந்து. இதை இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசியில் வழிநடத்திப் பாருங்கள், கூரியர் இனிக்கும்.

மூன்றாவது, விசைப்பலகை. இது இரண்டு பக்கமும் வெட்டும். லைப்சிக் நகரத்துக்காரர் ஒருவருக்கு இங்கிருந்து ஆங்கில விசைப்பலகை மடிக்கணினி அனுப்பினேன். இறக்குமதி மதிப்புக்கூட்டு வரி 19 சதவீதத்தைக் கூரியரே முன்கூட்டிக் கட்டிவிட்டது. அதற்கான சேவைக் கட்டணத்தோடு பில்லை ஒரு மாதம் கழித்து அவர் வீட்டுக்கு அனுப்பியது, அது தனிச் சண்டை. முதல் நாள் அவரால் உள்ளே நுழையவே முடியவில்லை. நான் கொடுத்த கடவுச்சொல்லில் ஒரு ‘இசட்’, ஒரு ‘ஒய்’. ஜெர்மன் அமைப்பில் அவை இரண்டும் இடம் மாறி இருக்கும். அவர் பழக்கத்தில் மொழியை ஜெர்மனுக்கு மாற்றிவிட்டு, கண்ணால் பார்த்துத் தட்டியிருக்கிறார். மூன்று முறை தவறியதும் பூட்டிக்கொண்டது. “நீங்கள் சொன்னதை எழுத்துக்கு எழுத்து அடித்தேன்” என்கிறார் அவர், அடித்தும்தான் இருக்கிறார். அன்றிலிருந்து என் தற்காலிகக் கடவுச்சொற்களில் அந்த இரண்டு எழுத்துகளுக்கும் இடமில்லை.

2025 ஜூலை 4

கேள்வி கேட்ட தம்பி தனிமடலில் ‘அக்கா’ என்று ஆரம்பித்துப் பெரிய செய்தி அனுப்பியிருக்கிறார். பெயரில்லாமல் எழுதியும் அக்கா என்று எப்படிக் கண்டுபிடித்தாரோ. அத்தானும் கொழுந்தியாளும் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும்.

செய்தியின் சாரம்: இந்த இழையை அவர் தன் நிறுவனத்துக்குச் சொல்லி, 50 டாலர் திட்டம் கைவிடப்பட்டது. அனுப்பவே வேண்டாம், அங்கேயே வாங்கிக்கொள், பில்லை அனுப்பு, பணம் தருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். பாளையங்கோட்டையில் வாங்கிவிட்டார். நன்றியும் சொல்லியிருக்கிறார்.

தம்பி, அந்த பில் யார் பெயரில் இருக்கிறது?

2025 ஜூலை 5

அவர் பெயரில்தான். வேறு எப்படி இருக்கும், நிறுவனத்துக்கு இந்தியாவில் பதிவே இல்லையே.

இப்போது அந்த மடிக்கணினி யாருடையது? கடைக்காரருக்கும் உத்தரவாதத்துக்கும் அது அவருடையது. பணம் கொடுத்த நிறுவனத்துக்கு அது தன்னுடையது. இரண்டு வருடத்தில் வேலை மாறும்போது திருப்பிக் கேட்பார்கள். அப்போது இந்த பில்லை வைத்து இரு தரப்பும் முறைத்துக்கொள்வார்கள். அல்லது திருப்பித் தந்த தொகையைச் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு, வருமான வரி யார் தலையில் என்று பிறகு விழிப்பார்கள். ஒரு பக்கத்தில் ஒரு கடிதம் போதும்: இன்ன வரிசை எண் கொண்ட மடிக்கணினி நிறுவனத்தின் சொத்து, வாங்கிய தொகை செலவுத் திருப்பீடு, வேலையை விடும்போது இன்ன மாதிரி ஒப்படைக்கப்படும். இரண்டு பேர் கையெழுத்து. இன்றே கேட்டு வாங்குங்கள். சேர்ந்த முதல் வாரத்தில் எல்லோரும் இனிமையாக இருப்பார்கள்.

2025 ஜூலை 9

கடிதம் வந்துவிட்டதாம். வரிசை எண்ணில் ஓர் இலக்கம் தவறு. திருத்தச் சொல்லியிருக்கிறேன்.

2025 ஆகஸ்ட் 3

‘திரும்பி வருவதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே’ என்று கேட்டவருக்கு. வேண்டுமென்றே தள்ளிப்போட்டேன். போவதைவிட வருவது கடினம். போகும்போது ஊழியருக்கு அது வேண்டும், அதனால் தொலைபேசியை எடுப்பார். வரும்போது அவர் வேறு வேலையில் இருப்பார்.

எங்கள் பொள்ளாச்சிக்காரர் நல்ல மனிதர், கேட்ட மூன்றாம் நாளே அனுப்பினார். வந்த பெட்டி ஒரு குக்கர் அட்டைப்பெட்டி, ஐந்து லிட்டர். மேலே குக்கரின் படத்தை மறைக்க என் பெயரைத் தாளில் எழுதி ஒட்டியிருந்தார். விசில் மட்டும் தாளுக்கு மேலே எட்டிப்பார்த்தது. திறந்தால் மடிக்கணினிக்குக் கீழேயும் மேலேயும் நான்கு பக்கமும் தேங்காய் நார். அந்த ஊரில் நாருக்கு என்ன பஞ்சம். தெர்மோகோலைவிட நன்றாகவே தாங்கியிருந்தது, ஒரு கீறல் இல்லை. மூடியைத் திறந்து வைத்து ‘எஃப்’ விசையை அழுத்தினால் அது பாதியில் நிற்கிறது. கவிழ்த்துத் தட்டினேன், மேசை முழுவதும் பொன்னிறமாகக் கொட்டியது. அன்றைக்கு அலுவலகத்தில் கோவில் வாசனை.

இனி இப்படி யாரும் செய்யாதீர்கள். வைக்கோல், நார் போன்றவற்றைப் பொதிக்கும் பொருளாக அனுப்பினால் சில நாடுகளில் தாவரப் பாதுகாப்புத் துறை பெட்டியைப் பிடித்து வைக்கும். எனக்கு அதிர்ஷ்டம்.

வரியும் உண்டு. இங்கே 400 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேற்பட்ட இறக்குமதிக்குப் பொருள் சேவை வரி 9 சதவீதம். போனது திரும்பி வந்திருக்கிறது என்று வாதாடலாம், ஆனால் அதற்குப் போன தாளிலும் வந்த தாளிலும் ஒரே வரிசை எண் இருக்க வேண்டும். நான் ஜூன் 12இல் வரிசை எண் எழுதுங்கள் என்றது பாதி இதற்காகத்தான்.

மூன்று வருடத்துக்கு மேற்பட்டதை இப்போது நாங்கள் திருப்பிக் கேட்பதில்லை. கூரியர் கட்டணம் அதன் விலையைத் தொட்டுவிடும். தொலைவிலிருந்தே தரவை அழித்துவிட்டு, ஊழியரிடமே விட்டுவிடுவதாக ஒரு கடிதம் கொடுத்துவிடுகிறோம். மறுபடியும் கடிதம், ஆம்.

2025 ஆகஸ்ட் 30

டெக்சஸிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: 800 டாலருக்கு உட்பட்ட பார்சலுக்கு வரியில்லை என்ற சலுகையை அமெரிக்கா நேற்று, ஆகஸ்ட் 29இல், எல்லா நாடுகளுக்கும் நிறுத்திவிட்டதே, மடிக்கணினிக்கு என்ன ஆகும் என்று. புது மடிக்கணினி பெரும்பாலும் 800ஐத் தாண்டியதுதான், ஆகவே அதற்கு அந்தச் சலுகை இருந்ததே இல்லை. பழையதையும் சார்ஜரையும் அனுப்புபவர்களுக்குத்தான் அடி. இந்த வருடப் புது பதிலடி வரிகளிலிருந்து 8471ஐ ஏப்ரலிலேயே விலக்கினார்கள். ஆனால் மற்ற வரிகளுக்கு அவர்கள் பார்ப்பது எங்கே செய்தது என்பதை. எங்கிருந்து அனுப்பியது என்பதை அல்ல. சிங்கப்பூரிலிருந்து நான் அனுப்பினாலும் அடியில் சீனத் தயாரிப்பு என்று இருந்தால் அது சீனப் பொருள்தான்.

2025 செப்டம்பர் 16

பொள்ளாச்சி மடிக்கணினி என்ன ஆயிற்று என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். விசைப்பலகையைக் கழற்றிச் சுத்தம் செய்து நன்றாகவே ஓடுகிறது. நேற்று புதிதாக ஒருவர் சேர்ந்தார், இந்த அலுவலகத்திலேயே, என் இருக்கையிலிருந்து மூன்று மேசை தள்ளி. எழுந்து போய்க் கையில் கொடுத்தேன். வரிசை எண்ணைச் சரிபார்க்கச் சொல்லி, பெயர் எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். அவர் ‘ஜி’ விசைக்குப் பக்கத்திலிருந்து நகத்தால் எதையோ உருவி எடுத்து, இது என்ன என்று கேட்டார்.